முள் மாற்றிய கதை

எங்கள் கையெழுத்துப் பத்திரிகையின் ஆசிரியர் மறைந்தபோது, அவர் மேசையிலிருந்து நாங்கள் கேட்டுப் பெற்றுக்கொண்டவை இரண்டே: ஒரு கணக்கு நோட்டு, ஒரு கறுப்பு எபொனைட் பேனா. அந்தப் பேனாவால் தலைப்புகளை மட்டும் எழுதுவது என்று வைத்துக்கொண்டிருந்தோம். சென்ற மாசியில் அது மூடியில்லாமல் சிமெண்டுத் தரையில் தலைகுப்புற விழுந்தது. யார் கையிலிருந்து விழுந்தது என்பதை இங்கே எழுதுவதில்லை என்று மூவரும் பேசி வைத்திருக்கிறோம். பேனாவின் உடலில் கீறல்கூட இல்லை. முள்ளின் இரு அலகுகளும் கத்திரிக்கோல்போல ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

கைவேலைப் பேனா என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அதில் கை எதுவரை செல்கிறது என்பதை அன்றுதான் யோசித்தோம். எபொனைட் என்பது கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடாக்கி இறுக்கிய ரப்பர். அதன் தண்டைக் கடைசலில் பூட்டி, உளியால் சீவி, மரை வெட்டி, உடலும் கழுத்தும் மூடியுமாக ஒரே ஆள் ஒரே அறையில் முடித்துவிடலாம். முள் அப்படியன்று. துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை வடிவமாக வெட்டவேண்டும். துளையிட்டு, பெயர் பொறித்து, அச்சில் அழுத்தி வளைக்கவேண்டும். நுனியில் கடினமான உலோகமணியைப் பற்றவைத்து, மயிரிழைப் பருமனில் பிளவு அறுத்து, தேய்த்து மெருகிடவேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி இயந்திரம், பழகிய தனிக் கை. (அந்த மணியை இரிடியம் என்று சொல்லியே பழகிவிட்டோம்; இன்று அதில் பெரும்பாலும் இருப்பது ஆஸ்மியம், ருத்தேனியம், டங்ஸ்டன் போன்றவற்றின் கலவை.) ஆகவேதான் பேனாவைத் தம் கையாலேயே கடைபவர்களும் முள்ளை வெளியிலிருந்து வாங்குகிறார்கள். ஹைடல்பர்க் நகரத்துப் போக், பெர்லினின் யோவோ, இல்லையென்றால் நம் கான்பூர்.

சுதேசிப் பேனா என்றதும் ராஜமுந்திரி ரத்தினம் பேனாவைச் சொல்வார்கள். ஜே. சி. குமரப்பா வழியாகத் தமக்கு வந்த அந்தப் பேனாவை எழுதிப் பார்த்துவிட்டு, கடைகளில் கிடைக்கும் அயல்நாட்டுப் பேனாவுக்கு நல்ல மாற்றுத்தான் என்ற பொருளில் காந்தி 1935இல் கடிதம் எழுதினார். எங்கள் ஆசிரியர் இதைச் சொல்லாத கூட்டமே கிடையாது.

சாத்தூர் என்றால் சேவும் வெள்ளரியும் பலருக்கு நினைவுக்கு வரும். பந்துமுனைப் பேனா வந்து எல்லோர் சட்டைப் பையிலும் உட்காரும்வரை அவ்வூர் பேனா முள்ளுக்கும் பெயர்பெற்றது. சிறு பட்டறைகளில் வீட்டுத் தொழில்போல நடந்த வேலை அது. அந்தப் பட்டறை ஒன்றில் பல ஆண்டுகள் பிளவு அறுத்த பெரியவர் ஒருவரைத் தேடிப் போனோம். எங்கள் முள்ளைக் கண்ணாடிவில்லையில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"நட்டமாப் பிடிச்சு எழுதுன கை இல்ல தம்பி இது. சாஞ்ச கை. பாருங்க, ஒரு ஓரமாத் தேஞ்சிருக்கு."

எங்களுக்குப் பேச்சு எழவில்லை. ஆசிரியர் நாற்காலியில் ஒருக்களித்து அமர்ந்து மெய்ப்புத் திருத்தும் கோலம் அந்தத் தேய்மானத்தில் அப்படியே இருந்தது.

"நிமித்தித் தாரேன். ஆனா ஒடிஞ்சா எம்மேல வருத்தப்படக் கூடாது."

"வேண்டாம் அண்ணாச்சி, புதுசே போடுங்க" என்றோம். தகர டப்பாவிலிருந்து முப்பத்தைந்து மில்லிமீட்டர் முள் ஒன்றைத் தேடி எடுத்தார். பொருத்திப் பார்த்தால், அடியிலுள்ள நாக்குக்கும் முள்ளுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி. அந்த இடைவெளி இருந்தால் மை ஏறி வராது. டம்ளரில் கொதிநீர் வரவழைத்து, நாக்கும் முள்ளும் முங்கும்படி பேனாவின் கழுத்தைச் சிறிது நேரம் பிடித்தார். சூட்டில் எபொனைட் இளகும். வெளியே எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தியபடியே ஆறவிட்டார். நாக்கு முள்ளோடு படிந்துவிட்டது. உப்புத்தாளில் எட்டுப் போட்டு நுனியைத் தேய்த்துக் கொடுத்தார்.

திரும்பும் பேருந்தில் சண்டை. ஆசிரியரின் கையைக் கழற்றி எறிந்துவிட்டோம் என்றார் ஒருவர். ஒடிந்தாலும் பழையதை நிமிர்த்தச் சொல்லியிருக்க வேண்டுமாம். ஊர் வந்து சேரும்வரை ஒருவரோடொருவர் முகங்கொடுத்துப் பேசவில்லை.

அன்றிரவு பயணச் செலவை எழுத அந்தக் கணக்கு நோட்டைப் புரட்டியபோதுதான் கண்டோம். 1988: முள் மாற்ற, ரூ. 3. 1996: முள், ரூ. 8. 2007: முள், நாக்கு, ரூ. 45. தாள், தபால்தலை, தேநீர் வரிசையில் அவையும் ஒரு வரி. நாங்கள் தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் பொதிந்து எடுத்துவந்த முள் அவருடைய நான்காவது முள்ளாகவாவது இருக்கவேண்டும்.

அதற்குக் கீழேயே புதிய முள்ளால் எங்கள் வரியையும் எழுதினோம்: சாத்தூர், முள் ஒன்று, கூலி உட்பட ரூ. 60. கோடு அவருடையதைவிட மெலிவு. மேல்நோக்கி இழுக்கும்போது மட்டும் தாளைச் சுரண்டுகிறது. ஒரு வாரம் எழுதினால் பழகிவிடும் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். மூன்று வாரமாகிறது.