காலண்டர் அட்டையும் புடவைக் கரையும்

எங்கள் வீட்டுப் பூஜை அறையில் இருக்கும் சாமி படங்களில் பாதி, காலண்டரிலிருந்து வந்தவை. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு (1898–1976) வரைந்த முருகனும் லட்சுமியும் காலண்டராக அச்சாகி, ஜவுளிக்கடை, மளிகைக்கடைப் பெயரோடு வீடு தேடி வந்தார்கள். வருஷம் முடிந்ததும் கடைப் பெயரை வெட்டிவிட்டுக் கண்ணாடி போட்டு மாட்டினால் தீர்ந்தது. பழையதை அலங்காரமாக்க இன்று கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறார்கள். நாம் அதைச் சும்மாவே செய்துகொண்டிருந்தோம்.

தாள் தீர்ந்த தினசரி காலண்டரின் அட்டை நல்ல கெட்டி. நடுவில் பிளேடால் ஜன்னல் வெட்டினால் புகைப்படச் சட்டம் தயார். அதன்மேல் ஒட்டப் பழைய பட்டுப்புடவையின் கரையைவிடச் சிறந்தது எதுவும் எனக்குத் தெரியவில்லை. உடல் பகுதி மடிப்பு மடிப்பாக இற்றுப்போன புடவையிலும் கரை பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும். (அசல் வெள்ளிச் சரிகை என்றால் பழைய பட்டு எடுப்பவர் நல்ல விலை தருவார். கத்தரியை எடுக்கும் முன் அதையும் யோசியுங்கள்.) பசையை மெல்லியதாகத் தடவ வேண்டும்; அதிகமானால் பட்டில் ஊறிக் கறை தெரியும். மூலைகளில் கரையைக் குறுக்காக மடித்து ஒட்டினால் ஓரங்கள் பிசிறாது.

அம்மாவின் கல்யாணப் படத்துக்கு அவளுடைய முகூர்த்தப் புடவையின் கரையையே ஒட்டினேன். கறுப்பு வெள்ளைப் படம். அந்தப் புடவை அரக்கு நிறம் என்பது பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் சட்டத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. படம் சொல்லாமல் விட்டதைச் சட்டம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கடையில் வாங்கிய பிரேமே போதும். வலை கிழிந்த மரச் சல்லடையின் வளையத்துக்குள் பாட்டியின் படம் பொருந்தியதும் இப்படித்தான்; அந்தச் சல்லடையில் மாவு சலித்தவள் அவள்.

பொத்தான், வளையல் துண்டு, ஐஸ்குச்சி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஒட்டி மேலே தங்கப் பெயின்ட் அடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தூசி சேர இடம் கூடும். முகம் பின்னால் போய்விடும். புழக்கத்தில் இருக்கும் முறத்தை அழகுக்காக வெட்டுவதும் வீண்செலவுதான்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பழைய புகைப்படத்தின் மேற்பூச்சு ஜெலட்டின். மழைக்கால ஈரத்தில் அது இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே ஓரத்தில் ஓர் அட்டைப் பட்டை வையுங்கள். முடிந்தால் அசலை எடுத்துவைத்து நகலை மாட்டுங்கள்.

பின்னட்டையை மூடும்முன் அதில் படத்தில் இருப்பவர்களின் பெயர், ஊர், வருஷம் எழுதிவிடுங்கள். எங்கள் தாத்தாவுக்குப் பக்கத்தில் தலைப்பாகையோடு நிற்பவர் யார் என்று சொல்ல இன்று வீட்டில் ஆளில்லை.