தோட்டப்பாளையத்து மூஞ்சூறு

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் விலங்கியல்)

எலியைக் கண்டு எங்கள் கரிசல் காட்டில் யாரும் வியப்பதில்லை. சோளக் கதிரை அறுக்கும் எலி, குலுக்கைக்குள் இறங்கும் எலி, பிள்ளையாரைச் சுமக்கும் மூஞ்சூறு எல்லாம் எங்களோடு குடியிருப்பவைதாம். அவற்றின் உடலுக்குள் பெயர் தெரியாத வைரஸ்களும் குடியிருக்கின்றன என்று வகுப்பில் கேட்டபோதுதான் வியந்தேன். அவற்றுள் ஒன்றுக்குத் தமிழ்நாட்டு ஊர்ப் பெயர்!

வேலூரில் தோட்டப்பாளையம் என்றொரு பகுதி உண்டு. அங்கே 1964-இல் பிடிபட்ட ஒரு மூஞ்சூறிலிருந்து புதிய வைரஸ் ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. பூச்சிகளால் பரவும் இனமாக இருக்கலாம் என்று கருதி, கேரி முதலிய ஆய்வாளர்கள் 1971-இல் அதனை அறிவித்தனர். பிறகு அதனை யாரும் பெரிதாக எண்ணவில்லை.

கொரியப் போரில் (1950-53) மூவாயிரத்துக்கும் மேற்பட்ட போர்வீரர்களை ஒரு குருதிக்கசிவுக் காய்ச்சல் தாக்கியிருந்தது. அதன் காரணத்தை 1976-இல் ஹோ வாங் லீ என்ற அறிஞர் ஒரு வயலெலியின் நுரையீரலில் கண்டார். ஹன்டான் ஆற்றின் பெயரால் அது ஹன்டான் வைரஸ் ஆயிற்று. பின்னர் ஒப்பிட்டுப் பார்த்தபோது வேலூர் வைரஸும் அதே குடும்பம் என்று தெரிந்தது. முதலில் பிரித்தெடுக்கப்பட்ட ஹன்டாவைரஸ் நம்முடையதே! மூஞ்சூறு எலியினம் அன்று, பூச்சி தின்னும் இனம் என்பதால் வியப்பு இரட்டிப்பாகிறது.

இதனால் நமக்கென்ன என்று நண்பர்கள் கேட்கலாம். என் அம்மா அருப்புக்கோட்டையில் ஒரு தானியக் கிட்டங்கியில் கூலி வேலை செய்கிறார். காலையில் முதல் வேலை தரையைக் கூட்டுவது. எலியின் சிறுநீரும் புழுக்கையும் காய்ந்து தூசியாகி மூச்சில் கலப்பதுதான் ஹன்டாவைரஸ் பரவும் முதன்மையான வழி. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் கிட்டங்கித் தொழிலாளர், எலி பிடிக்கும் இருளர் ஆகியோரின் இரத்தத்தைச் சோதித்து, சிலரிடம் இவ்வைரஸுக்கான எதிர்ப்பொருளைக் கண்டிருக்கிறார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். "எலிப் புழுக்கைக்குப் பயந்தா கஞ்சி குடிக்க முடியுமாடா?" என்றார். கூலியை விடச் சொல்லவில்லை; கதவு சன்னல்களைத் திறந்து வைத்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைத் தெளித்து, ஊறிய பின் ஈரத்தோடு துடைத்தெடுங்கள் என்றேன். இப்போது அம்மாவோடு வேலை செய்யும் அத்தைமாரும் அப்படியே செய்கிறார்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வந்தவன் நான். என் படிப்பு வீட்டுக்குக் கொண்டு போன முதல் வருமானம் இதுதான்.

எலிக்காய்ச்சல் என்று நாம் சொல்வது பாக்டீரியாவால் வருவது, இது வேறு. காரணம் தெரியாத காய்ச்சலை 'மர்மக் காய்ச்சல்' என்று சொல்லிவிட்டுப் போகிறோம். மர்மம் நோயில் இல்லை; நாம் தேடாததில் இருக்கிறது. திருச்சுழிக் காட்டு எலிகளையும் ஒருநாள் யாரேனும் ஆராய வேண்டும். அந்த யாரேனும் நம் வகுப்பிலிருந்து ஏன் போகக் கூடாது?