பேசிக்கொண்டே போக நாலு டயர்

மின்சாரக் காரில் சத்தமே இருக்காது என்பார்கள். பாதிதான் உண்மை. என்ஜின் சத்தம் இருக்காது. ஆனால் அது போனதும், இத்தனை வருஷமாக அதற்கு அடியில் ஒளிந்திருந்த இன்னொரு சத்தம் வெளியே வரும். டயர் ரோட்டில் உருளும் சத்தம். 40 கிலோமீட்டர் வேகத்தில் முணுமுணுக்கும். 60ல் இரையும். 80 போனால் அது மட்டும்தான் கேட்கும்.

எங்கள் வண்டியின் கம்பெனி டயர்கள் நாலரை வருஷத்தில் 38,000 கிலோமீட்டர் ஓடிவிட்டன. பட்டன் தேய்ந்து, அடையாளக் கட்டையைத் தொடப் போகிறது. டயர் பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். 1.6 மில்லிமீட்டர் உயரம். பட்டன் அதற்குச் சமமாகிவிட்டால் டயரின் கதை முடிந்தது. எங்களுடையது இன்னும் கொஞ்சம் ஓடும். ஆனால் மழைக்காலத்துக்கு முன்பே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

சாதாரணமாக இதெல்லாம் எழுத வேண்டிய விஷயமில்லை. கடைக்குப் போனோம், நாலு டயர் போட்டோம், வந்தோம் என்று முடிந்துவிடும். எங்கள் வீட்டில் அப்படி முடியவில்லை. காரணம் என் மனைவியின் காது.

இரண்டு வருஷமாக இரண்டு காதிலும் மெஷின் வைத்திருக்கிறாள். வீட்டில் நன்றாகவே கேட்கிறது. மேடவாக்கத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு வாரம் ஒருமுறை திருவொற்றியூரிலிருந்து காரில் போவோம். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். இந்த மூன்று மணி நேரத்தில்தான் நாங்கள் இருவரும் நிறையப் பேசுவோம். கடந்த ஒரு வருஷமாக அது குறைந்துகொண்டே வந்தது. நான் ஏதாவது சொன்னால் "ம்" என்பாள். கேள்வி கேட்டாலும் "ம்"தான். ஒரு நாள் அவளே சொன்னாள், "நீங்க பேசறது கேக்குதுங்க, ஆனா என்ன பேசறீங்கன்னு புரியல. திரும்பத் திரும்பக் கேக்க எனக்கே சங்கடமா இருக்கு."

மெஷினைச் சரிபார்க்கப் போனபோது ஆடியாலஜிஸ்ட் அம்மாவிடம் இதைச் சொன்னோம். அவர் சொன்ன விளக்கம் இது. வயசானால் முதலில் குறைவது மேல் ஸ்தாயி கேட்கும் திறன். பேச்சில் ச, த, ப, க போன்ற எழுத்துகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. உயிரெழுத்துகள் கீழ் ஸ்தாயி, அவை கேட்டுவிடும். அதனால்தான் "பேசுவது கேட்கிறது, புரியவில்லை." இதில் இன்னொரு வில்லங்கம், கீழ் ஸ்தாயி இரைச்சல் ஒன்று கூடவே ஓடினால் அது மேல் ஸ்தாயி ஒலிகளையும் சேர்த்து அமுக்கிவிடும். காரின் ரோட்டுச் சத்தம் பெரும்பாலும் கீழ் ஸ்தாயிதான். மெஷின் இரைச்சலைக் கொஞ்சம் குறைக்கும், முழுக்க எடுத்துவிட முடியாது. "இரைச்சலை அது பிறக்கும் இடத்தில் குறைக்க முடிந்தால் நல்லது" என்றார்.

அது பிறக்கும் இடம் டயர். நான் துறைமுகத்தில் மெக்கானிக்கல் பிரிவில் 34 வருஷம் இருந்தவன். கிரேனும் ஃபோர்க்லிஃப்டும்தான் என் உலகம். கார் டயரை இவ்வளவு உற்றுப் பார்த்தது இப்போதுதான்.

ஆனால் டயர் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1946ல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கினார். 1952ல் தேய்ந்த டயருக்கு மேலே ஒட்டும் டிரெட் ரப்பருக்கு வந்தார். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேன்ஸ்ஃபீல்டு கம்பெனியின் கூட்டோடு டயரே செய்ய ஆரம்பித்தார்கள். அதுதான் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, எம்.ஆர்.எஃப். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அங்கே வேலை பார்த்தவர்கள் இருந்தார்கள். மற்ற பாதி என்ஃபீல்டு, அசோக் லேலண்ட், துறைமுகம். ஷிப்ட் விட்டு வருகிறவர் எந்தக் கம்பெனி என்பதைச் சட்டையின் வாசனையிலேயே சொல்லிவிடலாம்.

அப்படி வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர்தான் எனக்குப் பாடம் எடுத்தார். டயர் சத்தம் ஒன்றல்ல, மூன்று என்றார்.

முதலாவது, பட்டன் கட்டைகள் ரோட்டில் அடிக்கும் சத்தம். எல்லாக் கட்டையும் ஒரே நீளமாக இருந்தால் ஆலைச் சங்கு ஊதுவது போல ஒரே சுருதியில் ஊளையிடும். அதனால் நல்ல டயரில் கட்டைகளை வேறு வேறு நீளத்தில் வெட்டியிருப்பார்கள். சத்தம் பல சுருதிகளாகச் சிதறி, காதை உறுத்தாத இரைச்சலாகிவிடும். கண்ணால் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம்.

இரண்டாவது, கட்டைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் காற்று சிக்கி, பிதுங்கி வெளியேறும் சத்தம்.

மூன்றாவது, டயருக்குள்ளே இருக்கும் காற்றின் சத்தம். இதை நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் டயர் 215/60 ஆர் 16. உள்ளே இருக்கும் காற்று வளையத்தின் நடுச்சுற்றளவு ஏறக்குறைய 1.7 மீட்டர். ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர். வகுத்தால் 200 சொச்சம். அதாவது ஒவ்வொரு குழியிலும் டயர் ஒரு மத்தளம் மாதிரி 200 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஆடியாலஜிஸ்ட் சொன்ன அந்தக் கீழ் ஸ்தாயி இரைச்சலில் இதுவும் ஒரு பங்கு.

இந்த மூன்றாவதற்கு மருந்து உண்டு. டயருக்குள் வளையமாக ஸ்பாஞ்சு ஒட்டி விற்கிறார்கள். பெரிய விலை வண்டிகளில் வருகிறது. ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நம் எண்ணூர் விரைவுச்சாலையை நினைத்துப் பாருங்கள். நாளெல்லாம் கன்டெய்னர் லாரிகள். ரோட்டோரம் முழுக்க ஆணி, போல்ட், இரும்புத் துண்டு. மாதம் ஒரு பஞ்சராவது நிச்சயம். ஸ்பாஞ்சு டயரில் பஞ்சர் ஒட்ட, அந்த இடத்து ஸ்பாஞ்சை வெட்டி எடுத்து, சுத்தம் செய்து, ஒட்டி, திரும்ப வைக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்குத் தாங்கல் பக்கம் திறந்திருக்கும் பஞ்சர் கடைத் தம்பியிடம் இதைக் கேட்க முடியாது. அந்த ஆசையை அங்கேயே விட்டேன்.

அடுத்தது, மின்சாரக் காரின் எடை. அதே மாடல் பெட்ரோல் வண்டியைவிட 150, 200 கிலோ கூடுதல். மிதித்த உடனே முழு இழுப்பும் சக்கரத்துக்கு வந்துவிடும். அதனால் டயர் சீக்கிரம் தேயும். டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பின்னால் ஒரு எண் இருக்கும். 95 என்றால் அந்த ஒரு டயர் 690 கிலோ தாங்கும். கம்பெனி கொடுத்த எண்ணுக்குக் குறைவாக என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. 2022ல் அப்போலோ ஆம்பெரியன், சியட் எனர்ஜிடிரைவ் என்று மின்சாரக் காருக்கென்றே டயர்கள் நம் நாட்டில் வந்தன. எளிதாக உருளுவது, எடை தாங்குவது, சத்தம் குறைப்பது மூன்றையும் கணக்கில் வைத்துச் செய்தவை. அவை மட்டும்தான் போட வேண்டும் என்றில்லை. எடை எண் சரியாக இருந்தால் சாதாரண நல்ல டயரும் போடலாம்.

லேபிள் பார்த்து வாங்கலாமே என்று மகன் கேட்டான். ஐரோப்பிய லேபிளில் டெசிபல் போட்டிருக்கும். 3 டெசிபல் குறைந்தால் ஒலியின் சக்தி பாதியாகிறது என்று அர்த்தம். ஆனால் அந்த அளவு எடுப்பது காருக்கு வெளியே, ஏழரை மீட்டர் தள்ளி மைக் வைத்து. ரோட்டோரம் நிற்கிறவருக்கு எவ்வளவு கேட்கும் என்பதுதான் அது. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு எவ்வளவு என்று அது சொல்லாது. நம் நாட்டில் ஃப்ரிட்ஜுக்கும் ஏ.சி.க்கும் போல டயருக்கும் ஸ்டார் லேபிள் வந்திருக்கிறது. அது எவ்வளவு எளிதாக உருளுகிறது என்பதற்கு. சார்ஜ் மிச்சமாகும். காதுக்கு அதில் சேதி இல்லை.

ஆக, உள்ளே உட்கார்ந்து கேட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. நல்ல வேளையாக எங்கள் மாடல் வண்டியே தெரிந்தவர்கள் இரண்டு பேரிடம் இருந்தது. இருவரும் சமீபத்தில் வேறு வேறு டயர் மாற்றியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லாரி குறைவாக இருக்கும் நேரத்தில், ஒரே ரோட்டில் மூன்று வண்டியிலும் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனோம். ஆடியாலஜிஸ்ட் செய்யும் சோதனையைக் காப்பியடித்தேன். வண்டிக்கு வண்டி வேறு பட்டியலாக, பத்துப் பத்துக் காய்கறி, மீன், மளிகைப் பெயர்கள். சுரைக்காய், பீர்க்கங்காய், சங்கரா, கொடுவா, சீரகம், கசகசா என்று. நான் ரோட்டைப் பார்த்தபடி, சாதாரணக் குரலில் சொல்ல வேண்டும். அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். பின்சீட்டில் இருந்த மகன் மார்க் போட்டான்.

எங்கள் பழைய டயரில் பத்துக்கு நாலு. முதல் வண்டியில் ஒன்பது. இரண்டாவதில் எட்டு.

முதல் வண்டியின் டயரையே வாங்கிவிடலாம் என்று நான் கடைக்குக் கிளம்பினேன். பக்கத்து வீட்டு அண்ணன் நிறுத்தினார். "சத்தம் குறையணும்னு பள்ளத்தை ஒடுக்கமா வெட்டியிருக்கான் பாரு. தண்ணி வெளியே போக வழி கம்மி. பக்கச் சுவரும் மெத்துனு இருக்கு. நம்ம ரோட்டுக் குழியில அடிச்சா வயிறு தள்ளிடும்" என்றார். லேபிளில் பார்த்தால், ஈர ரோட்டுப் பிடிப்பில் இரண்டாவது டயர்தான் ஒரு படி மேலே இருந்தது.

மழைக்கு நம் பகுதி எப்படி ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த ரோட்டில் பிரேக் பிடிப்பது ஒரு தனி வித்தை.

நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். ஒன்பதுக்கும் எட்டுக்கும் நடுவே ஒரு சொல்தான். ஆனால் ஒரு வருஷமாக "ம்" மட்டும் கேட்டவனுக்கு அந்த ஒரு சொல்லும் பெரிதாகத்தான் இருந்தது. முடிவு சொன்னது அவள்தான். "ஒரு காய் பேரு கேக்கலன்னா நான் இன்னொரு தடவை கேட்டுக்கறேன். மழையில வண்டி நிக்கணும். எட்டு போதும்."

இரண்டாவது டயரைப் போட்டோம். கடையில் கவனித்தவை சில, உங்களுக்கும் உதவும். பக்கச் சுவரில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். பழைய சரக்கை வாங்காதீர்கள், ரப்பர் இறுகினால் சத்தமும் கூடும், பிடிப்பும் குறையும். நாலையும் ஒன்றாக மாற்றினால் நல்லது. அலைன்மென்ட், பேலன்சிங் இரண்டும் அன்றே செய்துவிடுங்கள். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றிப் போடுங்கள். இல்லையென்றால் கட்டைகள் ரம்பப் பல் மாதிரி தேய்ந்து, எவ்வளவு நல்ல டயரும் இரையும். "காத்தைக் கொஞ்சம் கம்மியா வெச்சா மெத்துனு இருக்கும் சார்" என்று கடைப் பையன் சொன்னான். வேண்டாம் என்றேன். டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுதான் சரி. குறைத்தால் டயர் சூடாகும், ஓரம் தேயும், சார்ஜும் சீக்கிரம் இறங்கும்.

மூன்று மாதமாகிறது. முழு சார்ஜில் ஓடும் தூரம் பத்து கிலோமீட்டர் குறைந்திருக்கிறது. கம்பெனி டயர் இன்னும் எளிதாக உருளும் ரகம். அதை நான் பொருட்படுத்தவில்லை. டயருக்குச் சில ஆயிரம் கூடுதலாகக் கொடுத்ததையும்தான். இரண்டு பக்கமும் கன்டெய்னர் லாரி வரும்போது எந்த டயரும் உதவாது, அப்போது பேச்சை நிறுத்திவிடுவேன். காசிமேடு தாண்டி, பீச் ஸ்டேஷனும் தாண்டி ரோடு கொஞ்சம் அமைதியானதும் இப்போதெல்லாம் அவளே ஆரம்பிக்கிறாள். போன வாரம் மகள் வீடு போய்ச் சேரும்வரை அவளுடைய அத்தை வீட்டுக் கல்யாணத்தில் 1978ல் நடந்த பந்திச் சண்டை ஓடியது. எனக்கு ஏற்கெனவே தெரிந்த கதைதான். ஆனால் நடுவில் நான் கேட்ட நாலு கேள்விக்கும் சரியாகப் பதில் வந்தது.