52-இல் 38 போனால் 26

ஒரு குழந்தை இப்படி எழுதினால் தப்புப் போட்டுவிட்டு அடுத்த நோட்டுக்குப் போய்விடுகிறோம். அந்த 26-ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 2-இல் 8 போகாது, அதனால் 8-இல் 2 போக 6. 5-இல் 3 போக 2. இதில் கவனக்குறைவே இல்லை. ‘பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழி’ என்று நாம் சொன்னதை ஒவ்வொரு இலக்கத்துக்கும் அப்படியே செய்திருக்கிறது. இன்னும் நூறு கணக்கு கொடுத்தாலும் இதையேதான் செய்யும்.

பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து குச்சிக் கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் கொடுத்து, 38 எடுக்கச் சொல்லுங்கள். ஒரு கட்டைப் பிரித்தாக வேண்டும் என்பதைக் கை கண்டுபிடித்துவிடும். ‘கடன் வாங்குதல்’ அதற்குப் பிறகு வரட்டும்.

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்து, பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து கற்பிக்கச் சொன்னது. மனதார வரவேற்கிறேன். ஆனால் எந்த நிலை என்று தெரிந்தால் மட்டும் போதாது, ஏன் அங்கே நிற்கிறது என்றும் தெரிய வேண்டும். சிலருக்கு எண்களைக் கையாள்வதில் சிரமம் தரும் டிஸ்கால்குலியா என்ற கற்றல் குறைபாடு இருக்கலாம்; அதை ‘மக்கு’ என்று சொல்லி மூடிவிடுவது கொடுமை.

அந்த ‘ஏன்’ பிடிபட, ஆசிரியர் பயிற்சியில் ஸ்லைடுகளைக் குறைத்து, பிள்ளைகளின் நோட்டுகளை மேசையில் பரப்பி, ‘இது எப்படி யோசித்திருக்கும்?’ என்று ஆசிரியர்கள் சேர்ந்து பேச நேரம் கொடுங்கள். அடுத்த பயிற்சிக்குப் போகும் ஆசிரிய நண்பர்களே, நாலு நோட்டாவது கையோடு எடுத்துப் போங்கள்.