துயரின் அளவு

சென்ற மாதம் நம் சங்கத்தின் இலக்கியக் கூட்டத்தில் புறநானூற்றின் 245ஆம் பாட்டைப் படித்தோம். ஏழே அடிகள். பாடியவன் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை என்னும் மன்னன். மனைவி இறந்தபோது அவன் பாடியது. கள்ளி வளர்ந்த களர் நிலத்தில் விறகு அடுக்கி, தீயையே படுக்கையாக்கி அவளைக் கிடத்திவிட்டான். அதன் பிறகும் அவன் உயிரோடு இருக்கிறான். என் உயிரைப் போக்கும் வலிமை இல்லாத துயரம் எவ்வளவு பெரிதாய் இருந்துதான் என்ன என்று தன்னையே கேட்டுக்கொள்கிறான்.

படித்து முடித்ததும் விவாதம் தொடங்கியது. நண்பர் ஒருவர், "சாக மனமில்லாதவன் சொல்லும் சமாதானம் இது" என்றார். சட்டம் பயிலும் அக்கா ஒருவர், "அடுத்த பாட்டையும் படியுங்கள்" என்றார். 246ஆம் பாட்டு பூதப்பாண்டியன் மனைவி பெருங்கோப்பெண்டு பாடியது. தன்னைத் தடுத்த சான்றோரைக் கடிந்துவிட்டு அவள் கணவனின் ஈமத் தீயில் புகத் துணிகிறாள். "பெண் தீக்குப் போனாள், ஆண் பாட்டோடு நின்றான். இரண்டையும் காதல் என்று ஒன்றாகக் கொண்டாடலாமா?" என்று அக்கா கேட்டார். எங்களில் எவரிடமும் விடை இல்லை.

நான் அன்று வாய் திறக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

சென்ற ஆண்டு வைகாசியில் என் தாய் இறந்தார். காசியிலிருந்து இரண்டு நாள் ரயிலில் பயணம் செய்து ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்பாவுக்குச் சிறிய தையற்கடை. எட்டாம் நாள் காலையில் அவர் கடையைத் திறந்துவிட்டார். பதினாறாம் நாள் காரியம் கூட ஆகவில்லை. பள்ளி திறக்கப் போகிறது, பிள்ளைகளின் சீருடைகளைக் கொடுத்தாக வேண்டும் என்றார். உறவினர் முணுமுணுத்தனர். நான் முணுமுணுக்கவும் இல்லை. அவரோடு பேசுவதையே குறைத்துக்கொண்டேன். 'இவருக்கு இவ்வளவுதானா?' என்ற எண்ணத்தோடு காசி திரும்பினேன்.

கூட்டம் நடந்த மறுநாள் மாலை மணிகர்ணிகைத் துறைக்குப் போனேன். அங்கே விறகைப் பெரிய தராசில் நிறுத்து விற்கிறார்கள். ஓர் உடலை எரிக்க எவ்வளவு விறகு வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. கரையில் நிற்பவரின் துயருக்கு எடைக்கல் உண்டா? மன்னன் ஓர் எடைக்கல்லைத் தேடினான். உயிர் போனால் துயரம் பெரிது, போகாவிட்டால் சிறிது.

நான் இயற்பியல் மாணவன். வெப்பமானி உடைந்தால், சூடு மிகுதி என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. உடையாமல் உள்ளே கிடக்கும் வெப்பமானிதான் சூட்டைக் கடைசிவரை காட்டிக்கொண்டிருக்கும். மன்னன் தன் துயரத்தைக் குறைவாக அளந்துவிட்டான் என்று எனக்குத் தோன்றியது. அவன் அளந்தது தன்னை மட்டும்தான். நானோ என் தந்தையை அந்தக் கோலால் அளந்தேன். அவருக்கு ஏழு அடி பாடத் தெரியாது என்பதால் அவரிடம் பாட்டே இல்லை என்று முடிவு கட்டினேன்.

அன்று இரவு ஊருக்குப் பேசினேன்.

"அப்பா, அன்னைக்குக் கடையைத் திறந்தீங்களே, வேலை ஓடிச்சா?"

வெகுநேரம் பதில் இல்லை.

"தையல் ஓடிச்சு தம்பி. காஜா எடுக்கத்தான் ஆள் இல்லை. அதெல்லாம் உங்கம்மா பார்த்துக்கிட்டது. நானே உட்கார்ந்து எடுத்தேன். ஒண்ணுகூட நேரா வரலை."

இத்தனை மாதமும் நான் அதைக் கேட்கவில்லை. ஒவ்வொரு முறை பேசும்போதும், "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பேன். அவர் ஒரே சொல்லில் பதில் சொல்வார். அன்றும் வழக்கம்போலக் கேட்டேன்.

"இருக்கேன் தம்பி" என்றார்.

எல்லோரும் சொல்லும் சொல்தான். மாக்கோதையின் பாட்டு அந்தச் சொல்லில்தான் முடிகிறது என்பதை அப்போதுதான் கண்டேன்.