தண்ணி வருதா, அதைச் சொல்லு

கரிசல் காட்டில் கிணறு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். தண்ணீர் வரவில்லை என்றால் எல்லா நேரமும் இன்ஜின் மேல் பழி போட முடியாது. காரியாபட்டியில் நாற்பது வருடம் ஆயில் இன்ஜின் மெக்கானிக்காக இருந்த என் அப்பா, இந்த ஒரு பாடத்தை வைத்துத்தான் தம்பியின் ஜெட் படகைச் சரிசெய்தார்.

தம்பிக்கு ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் சுற்றுலாப் படகில் வேலை. சொந்தமாக ஒன்று இருந்தால் நிமிர்ந்துவிடலாம் என்று, ஸ்கூட்டர் மாதிரி உட்கார்ந்து ஓட்டும் ஜெட் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினான். அதற்காக என் ஆறு பவுன் வளையல் அடகுக்குப் போனது. இரண்டாவது வாரமே கோளாறு. இன்ஜின் ஸ்டார்ட் ஆகிறது, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் அலறுகிறது, படகு மட்டும் நகர மாட்டேன் என்கிறது. இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று அங்கே ஒரு மெக்கானிக் கேட்ட தொகை, படகு விலையில் பாதி. தம்பி குட்டியானை வண்டியில் ஏற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டான்.

“என்ன மதினி, கம்மாயே கட்டாந்தரையாக் கெடக்கு, ஒம்மவன் படகு வாங்கியாந்திருக்கான்?” என்று பக்கத்து வீட்டு அத்தை அம்மாவிடம் கேட்டதில் தெருவே சிரித்தது.

அப்பா சிரிக்கவில்லை. 1990-ல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தது. பிறகு ஆழ்துளைக் கிணறும் நீர்மூழ்கி மோட்டாரும் பெருகின. ஆயில் இன்ஜின்கள் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக்குப் போக, அப்பாவின் ஸ்பானர் பெட்டியும் பரணுக்குப் போனது. அன்று அதை அவரே இறக்கினார்.

முதலில், ஓட்டுபவர் கையில் மாட்டும் பாதுகாப்புக் கயிற்றின் கிளிப் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தார். அது கழன்றிருந்தால் இன்ஜின் உயிர் பெறாது. அடுத்து சீட்டைத் திறந்து காற்றாட விட்டார். உள்ளே தேங்கிய பெட்ரோல் வாசனையோடு சாவியைத் திருப்பினால் தீப்பிடிக்கலாம். பிறகு டேங்கை முகர்ந்து, “பழைய பெட்ரோல்” என்று வடித்துவிட்டார். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். நாள்பட நின்ற வண்டிக்கு அது ஆகாது.

கரையில் இன்ஜினை ஓட்டத் தண்ணீர்க் குழாய் மாட்ட வேண்டும். கடலில் ஓடும்போது அந்தத் தண்ணீர்தான் இன்ஜினைக் குளிர்விக்கிறது. இதில் ஒரு வரிசை உண்டு. முதலில் இன்ஜின், அப்புறம் தண்ணீர். நிறுத்தும்போது முதலில் தண்ணீரை மூட வேண்டும், அப்புறம் இன்ஜின். மாற்றிச் செய்தால் புகைக்குழாய் வழியாகத் தண்ணீர் இன்ஜினுக்குள் ஏறிவிடும். விலைக்கு வாங்கிய இரண்டு டிரம் தண்ணீர் அன்று செலவானது. வெளியே வந்த தண்ணீரை அம்மா கருவேப்பிலைச் செடிப் பக்கம் விடவில்லை. “கடல் உப்பு ஒட்டியிருக்கும், பட்டுப்போகும்.”

இன்ஜின் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டார் அப்பா. “இன்ஜின் நல்லாத்தான்டா இருக்கு. பாரம் இல்லாமச் சுத்துது. கெணத்துல புட்வால்வு ஒழுகி, பம்பு காத்தை இழுத்தா இன்ஜின் இப்படித்தான் கத்தும்.”

ஜெட் படகு என்பது அடிப்படையில் ஒரு பம்புதான். அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும். அந்த உதைப்பில் படகு போகும். இதை நடைமுறைக்குக் கொண்டுவந்த பில் ஹாமில்டன் நியூசிலாந்தில் ஆட்டுப் பண்ணை வைத்திருந்தவர். ஆழமில்லாத, கல் நிறைந்த ஆறுகளில் விசிறி வைத்த படகு ஓடாது என்பதால் 1950-களில் இதை உருவாக்கினார். 1960-ல் அவருடைய படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றை எதிர்த்து ஏறின. அப்பாவிடம் சொன்னேன். “அவரும் நம்மள மாதிரி தண்ணி கொறஞ்ச ஊர்க்காரர்தான்” என்றார்.

சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பம்பைக் கழற்றினார். தண்டில் மீன்வலை நைலான் நூல் சுற்றியிருந்தது. இம்பெல்லரைச் சுற்றியுள்ள வளையத்தை மணல் அரித்து, இடைவெளி அகலமாகியிருந்தது. அதன் வழியே தண்ணீர் நழுவியதால் பம்புக்குப் பிடிமானம் இல்லை. நூலை வெட்டி, புது வளையம் போட்டதோடு வேலை முடிந்தது. இன்ஜினைப் பிரிக்கவே இல்லை.

ஆனாலும் படகை உடனே அனுப்பவில்லை அப்பா. கடற்கரைக்குக் கூடவே போனார். இந்தப் படகுக்குப் பிரேக்கும் கிடையாது, சுக்கானும் கிடையாது. பீய்ச்சும் தண்ணீரைத் திருப்பித்தான் படகைத் திருப்ப முடியும். இன்ஜின் நின்றால் ஹேண்டிலைத் திருப்பியும் பயனில்லை, படகு நேராகவே போகும். “நம்பி ஏறுறவன் பிள்ளைகுட்டிக்காரன்” என்று சொல்லி, ஆளில்லாத பக்கமாகத் தம்பியைப் பத்து முறை ஓட்டவைத்துப் பார்த்த பிறகுதான் பஸ் ஏறினார்.

என் வளையல் இன்னும் மீளவில்லை. வட்டியைத் தம்பி மாதாமாதம் கட்டிவிடுகிறான். அப்பாவுக்குத்தான் கடற்கரையிலிருந்து போன் வருகிறது. “ஐயா, இன்ஜின் ஓடுது, படகு போகல” என்கிறார்கள். அவர் இன்ஜினைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. “பின்னாடி தண்ணி வருதா, அதைச் சொல்லு” என்றுதான் ஆரம்பிக்கிறார்.