கார்கள் திரும்புவதற்குள்

பஸ், மெட்ரோ, காக்கநாட்டுக்குப் போகும் வாட்டர் மெட்ரோ படகு எல்லாம் கொச்சி வைட்டிலாவில் கிடைக்கும். காலில் சக்கரம் கட்டிய பிள்ளைக்கு ஐம்பதடி சமதரை மட்டும் கிடைக்காது. நடைபாதையின் இன்டர்லாக் கல்லிடுக்கில் சின்னச் சக்கரம் மாட்டிக்கொள்ளும். ஜூலை மழையில் மைதானம் சேறு. ஆகவே மேம்பாலத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், அடுக்குமாடி வீட்டின் தூண்களுக்கு நடுவே கார் நிறுத்துமிடத்தில் ஸ்கேட்டிங் வகுப்பு நடக்கிறது. ஆறரைக்குமேல் கார்கள் திரும்பும். அதுவரை சிமென்ட் தரை பிள்ளைகளுடையது.

வாட்ச்மேனின் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்து பார்த்தால் எல்லாம் தெரிகிறது. பழைய பிள்ளைகள் தூண்களைச் சுற்றி விர்ரென்று போகிறார்கள். புதியவர்கள் ஓரமாக, குதிகாலை ஒட்டி முன்பாதத்தை விரித்து, ஷேர் ஆட்டோவில் முக்கால் சீட்டில் உட்காரப் போகிறவர்களைப்போல் அரைகுறையாகக் குனிந்து நிற்கிறார்கள்.

அந்தப் புதியவர்களில் ஒரு அம்மாவும் உண்டு. முப்பத்தைந்து, நாற்பது இருக்கும். சுடிதாருக்கு மேல் முழங்கால் கார்டு. மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனில் மூழ்கும் கூட்டத்தில் போன வாரம்வரை இவரும் இருந்தவர்தான். மகளுக்குப் பத்து வயசு. அவள் இப்போது பின்பக்கமாகவே ஓட்டுகிறாள்.

"அம்மே, முட்டு மடக்கு!"

"மடக்கிட்டுத்தான்டி நிக்கிறேன். நீ போ."

முழங்காலை மடக்கவில்லை. பயம் வந்தால் உடம்பு நிமிரத்தான் பார்க்கிறது. நிமிர்ந்தால் எடை குதிகாலுக்குப் போகிறது, சக்கரம் முன்னே நழுவுகிறது, ஆள் பின்னே சாய்கிறார். நாலு சக்கரமும் ஒரே வரிசையில் இருப்பதால் பக்கவாட்டிலும் கணுக்கால்தான் தாங்க வேண்டும்.

"புறகோட்டு சாயல்லே, சேச்சி. ஆத்யம் வீழான் படிக்கணும்" என்கிறார் மாஸ்டர். பின்னால் சாயாமல், முதலில் விழப் பழகச் சொல்கிறார். முழங்காலை மடக்கி, முன்பக்கமாக, முழங்கால் கார்டு முதலில் தரையைத் தொட, பிறகு உள்ளங்கை. மணிக்கட்டு கார்டின் அடியில் உள்ள பிளாஸ்டிக் தகடு தரையில் வழுக்கிக்கொண்டு போவதால் அடி மணிக்கட்டில் முழுசாக இறங்காது. இந்த விளையாட்டில் அதிகம் உடைவதே மணிக்கட்டுதான். ஹெல்மெட்டோடு மணிக்கட்டு கார்டையும் வாங்காமல் ஷூவுக்கு மட்டும் ஆயிரங்கள் கொட்டும் பெற்றோரைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

அம்மா விழுகிறார். டப். பிள்ளைகள் சிரிக்கவில்லை, மகள் மட்டும் தூணுக்குப் பின்னால் மறைகிறாள். ஒரு முழங்காலை ஊன்றி, மற்றதை மடக்கி எழுகிறார். மறுபடி டப். மூன்றாவது தடவை விழுவதில் ஒரு ஒழுங்கு வந்துவிட்டது.

இடைவேளையில் மாஸ்டர் போனில் ஒரு பந்தயம் ஓட விடுகிறார். 2025 செப்டம்பர், சீனாவின் பெய்தாய்ஹே, உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் போட்டி. ஆனந்த்குமார் வேல்குமார் ஆயிரம் மீட்டரில் தங்கம் எடுத்தார், அப்புறம் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் மாரத்தானிலும். "எங்க சென்னைப் பையன்" என்று அம்மா எட்டிப் பார்க்கிறார். திரையில் ஆனந்த்குமாரின் முதுகு தரைக்கு இணையாக வளைந்திருக்கிறது.

"கண்டோ? முட்டு" என்கிறார் மாஸ்டர்.

அடுத்தது நிறுத்தம். வலது ஷூவின் குதிகாலில் ரப்பர் கட்டை இருக்கிறது. அந்தக் காலை முன்னே தள்ளி, விரல்பக்கம் தூக்கி, குதிகாலை அழுத்த வேண்டும். சொல்ல ஒரு நொடி. செய்கிறபோது உடம்பின் எடை எந்தக் காலில் என்பதே மறந்துவிடுகிறது. அம்மா நீளவாக்கில் தள்ளித் தள்ளி, சுவரைத் தொடாமல் ஆறேழு அடி போய்விட்டார். முகத்தில் வெளிச்சம்.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு வெள்ளைக் கார் திரும்புகிறது.

"ப்ரேக்! ப்ரேக்!" மகள் கத்துகிறாள்.

ரப்பர் கட்டை ஞாபகத்துக்கு வரவில்லை. நின்றுவிட்ட காரின் பானட்டில் அம்மா இரண்டு கையையும் ஊன்றினார். ஆனால் முழங்கால் மடங்கியே இருந்தது. காரோட்டி கண்ணாடியை இறக்கினார்.

"பதுக்கெ மதி, சேச்சி. திரக்கில்லா." மெதுவாகப் போதும், அவசரமில்லையாம்.